கரும்புச் சக்கையும் பைப்சாவும்: மொரீஷியஸ் மின் அமைப்பை மாதிரியாக்கும் அனுபவம்

மொரீஷியஸ் போன்ற தனித் தீவின் மின் அமைப்பை மாதிரியாக்க மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பைத்தானில் ஓடும் மின் அமைப்பு மாதிரிக் கருவியான பைப்சாவும் (PyPSA), அதன் கணக்கைத் தீர்க்கும் ஹைஸும் (HiGHS) எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கைந்து முனைகள் கொண்ட மாதிரியை ஆண்டின் 8,760 மணிநேரத்துக்கும் சாதாரண மடிக்கணினியிலேயே ஓட்டலாம். விடை நம்பும்படி இருக்க வேண்டுமானால் முதலில் கரும்புச் சக்கையைச் சரியாக எழுத வேண்டும்.

பெல் வூ, லா பராக் போன்ற ஆலையடி மின்நிலையங்களில் லாகூப் எனப்படும் கரும்பு அறுவடை மாதங்களில், ஏறத்தாழ ஜூன் இறுதியிலிருந்து டிசம்பர் வரை, சக்கை எரிகிறது. மற்ற மாதங்களில் நிலக்கரி. பலரும் இதை இரண்டு தனி ஜெனரேட்டர்களாக எழுதிவிடுகிறார்கள். அப்போது ஒரே டர்பைன் கணக்கில் இரண்டாகி, மாலை உச்சத் தேவையின்போது இல்லாத மெகாவாட்டைக் காட்டும். சக்கைக்கு ஒரு பஸ் (ஆற்றல் வந்து சேரும் முனை), நிலக்கரிக்கு ஒரு பஸ் வையுங்கள். இரண்டிலிருந்தும் தனித்தனி லிங்க் (ஒரு பஸ்ஸின் ஆற்றலை இன்னொன்றுக்கு மாற்றித் தரும் இணைப்பு) நீராவி பஸ்ஸுக்குப் போகட்டும்; அங்கிருந்து மின்சாரத்துக்கு ஒரே லிங்க். ஆலைக்குத் தேவையான நீராவியை அந்த நீராவி பஸ்ஸிலேயே லோடாக, அதாவது தேவையாக, வைக்க மறக்காதீர்கள். விட்டுப்போனால் சாறு காய்ச்ச வேண்டிய வெப்பமெல்லாம் மின்சாரமாகிவிடும்.

அளவு போட இது போதும்: ஒரு டன் கரும்புக்குச் சுமார் 0.3 டன் சக்கை. பாதி ஈரமுள்ள சக்கையில் டன்னுக்கு ஏறக்குறைய 2.1 மெகாவாட்-மணி வெப்பம். ஒரு லட்சம் டன் கரும்பு அரைத்தால் 63,000 மெகாவாட்-மணி.

சக்கை ஸ்டோருக்கு (கையிருப்புக்கு) வரம்பு வைக்காவிட்டால் மாதிரி அதை ஆண்டு முழுவதற்கும் பரப்பி எரிக்கும். நிஜத்தில் சக்கைக் குவியல் மக்கும், உள்ளுக்குள் சூடேறித் தீயும் பிடிக்கும். கையிருப்பு இடம் எவ்வளவோ அவ்வளவே கொடுங்கள். ஆண்டை ஜனவரியில் தொடங்கிச் சுழற்சி நிபந்தனையையும் (ஆண்டு முடிவின் கையிருப்பே தொடக்கக் கையிருப்பு) போட்டால், டிசம்பரில் மிஞ்சிய சக்கை அதே ஆண்டின் ஜனவரியில் எரிந்திருக்கும்! ஜூன் தொடக்கத்திலிருந்து ஆண்டை எண்ணுவதே நல்லது.

அடுத்த பள்ளம் லிங்கின் திறன். பைப்சாவில் லிங்கின் பி_நாம் (p_nom) என்ற திறன் அளவு உள்ளே போகும் ஆற்றலுக்கானது, வெளியே வருவதற்கானது அல்ல. 30 மெகாவாட் மின்சாரம் தரும் டர்பைனின் திறன்விகிதம் 0.25 என்றால் பி_நாம் 120. அங்கே 30 என்று எழுதினால் 7.5 மெகாவாட்தான் கிடைக்கும். மூலதனச் செலவையும் அதே 0.25-ஆல் பெருக்க வேண்டும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது என்பதால் இது மாதக்கணக்கில் கண்ணில் படாமலே கிடக்கும்.

சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் அட்லைட் (atlite) கருவி ஈஆர்ஏ5 (ERA5) என்ற வானிலைத் தரவை எடுத்துத் தருகிறது. அதன் ஒரு கட்டம் 0.25 பாகை, சுமார் 28 கிலோமீட்டர். தீவின் நீளமே 65 கிலோமீட்டர்தான். மேகம் மூடிய மேட்டுநில நகரமான கியூர்பிப்பும் வெயில் காயும் மேற்குக் கரையும் ஒன்றாகக் கரைந்துபோகும். குளோபல் சோலார் அட்லஸின் நீண்டகாலச் சராசரியை எடுத்து இடவாரியாகத் திருத்துங்கள். ஐரோப்பிய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பலகைகள் தெற்கு நோக்கி நிற்கும்; நமக்கு வடக்கு வேண்டும். திசைக்கோணத்தை 180-லிருந்து 0 ஆக மாற்றுங்கள். ஈஆர்ஏ5 நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்), மின்தேவைத் தரவு உள்ளூர் நேரம், இடையே நான்கு மணி. சரிசெய்யாவிட்டால் உச்சி வெயில் காலை எட்டு மணிக்கு வந்து, மாலைக்கான பேட்டரித் தேவை வீங்கிவிடும்.

மின்தேவையில் விடுமுறையும் கணக்கு. தைப்பூசக் காவடி 2024-இல் ஜனவரி 25. 2025-இல் பிப்ரவரி 11. பழைய ஆண்டின் வரைவை வெறுமனே பெருக்கினால் தேவை குறையும் நாள் வேறு நாளில் விழும்.

பைப்சாவின் பெரிய குறை சுழல் இருப்பு. தனித் தீவில் மிகப் பெரிய அலகு ஒன்று திடீரென நின்றால் அதைத் தாங்க மற்றவை தயாராக இருக்க வேண்டும். இதற்கு ஆயத்த நிபந்தனை இல்லை. பைப்சா கணக்கை வடிவமைக்கப் பயன்படுத்தும் லினோபி (linopy) வழியே நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். டீசல் எஞ்சின்களின் ஆன்-ஆஃப் முடிவுகளையும் சேர்த்தால் கணக்கு முழுஎண் வகையாகி ஹைஸ் திணறும். வாரம் வாரமாகப் பிரித்து ஓட்டுங்கள். மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் தீவுக்குக் கம்பி இணைப்பு இல்லாததால் அது தனி மாதிரி.

60 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற இலக்குக்கு எந்த ஆண்டில் எதைக் கட்டுவது என்று பார்க்க நீண்டகாலத் திட்டமிடல் கருவியான ஓசிமோசிஸ் (OSeMOSYS) பொருத்தம். காலத்துண்டுகளை லாகூப், லாகூப் அல்லாத மாதங்கள், பகல், மாலை, இரவு எனப் பிரிப்பது குறைந்தபட்சம். தரவு உள்ள சிஎஸ்வி கோப்புகளை ஓட்டூல் (otoole) கருவி ஓசிமோசிஸுக்கு ஏற்ப மாற்றித் தரும். ஜிஎல்பிசால் (glpsol) கணக்கை எல்பி கோப்பாக எழுத மட்டும் இருக்கட்டும், தீர்ப்பது சிபிசி (CBC) என்ற தீர்வி. கொள்ளளவு கிகாவாட்டிலும் ஆற்றல் பெட்டாஜூலிலும் இருந்தால் கொள்ளளவு-செயல்பாட்டு மாற்றெண் 31.536 இருக்க வேண்டும். அது 1 ஆகவே கிடந்தால், தேவைக்கு 31 மடங்கு மின்நிலையங்களை மாதிரி கட்டித் தள்ளும்.