முப்பது டி-ஷர்ட், முழுப் பணமும் போனது: அச்சடித்த சட்டை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் நடைப்பயிற்சிக் குழுவுக்காக முப்பது டி-ஷர்ட்டுகள் வாங்கினேன். நாம் கொடுக்கும் படத்தை அச்சடித்து அனுப்பும் இணையக் கடை. முப்பதுக்கும் முழுப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

அந்த விற்பனைப் பிரதிநிதியின் பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கேட்டேன். "180, மேடம். கோம்டு காட்டன், பயோ வாஷ் செய்தது, சுருங்கவே சுருங்காது." (சீவிக் குட்டை இழைகளை நீக்கிய பருத்தி, நொதியால் கழுவி மென்மையாக்கிய துணி என்று பொருள்.) அச்சு? "ஸ்கிரீன் பிரிண்ட். துணி கிழிந்தாலும் அச்சு போகாது." வலைச்சட்டம் வழியாக மையை நேரே துணியில் பதிக்கும் முறை அது. கூடவே ஒரு காணொளி. இரண்டு கைகள் அச்சைப் பிடித்து இழுக்கின்றன. விட்டதும் ஒரு கீறல்கூட இல்லாமல் பழையபடி படிகிறது. கேட்டதற்கெல்லாம் நொடியில் பதில் சொல்கிறவரை யார் சந்தேகிப்பார்கள்? முப்பது சட்டைக்கான பணமும் அன்றே போனது.

வந்த சட்டைக்குள் கையை விட்டால் விரல் வெளியே தெரிகிறது. அச்சும் ஸ்கிரீன் பிரிண்ட் அல்ல. ஃபிலிமில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டும் டிடிஎஃப். அந்த முறையே மட்டம் என்று சொல்ல மாட்டேன். சூடும் அழுத்தமும் சரியாக இருந்தால் நன்றாகவே உழைக்கும். இதில் நகம் பட்டாலே ஓரம் எழும்புகிறது. முதல் சலவையில் 'நடை'யின் 'ந' மட்டும் கழன்று வாளியில் மிதந்தது. பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிட்டது.

ஆத்திரத்தில் ஒரு சட்டையில் 20 செ.மீ. சதுரம் வெட்டிச் சிறு மின்தராசில் வைத்தேன். 5.2 கிராம். அதை 25 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை: 130. எங்கே போனது அந்த 180?

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. "வெந்நீரில் துவைத்தீர்களா?" இல்லை. "உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்தீர்களா?" ஆமாம். "படம் அனுப்புங்கள்." அனுப்பினேன். "படம் தெளிவாக இல்லை." மறுபடி அனுப்பினேன். கடைசியில் வேறொருவர் வந்து, வாடிக்கையாளர் கேட்டபடி அச்சடித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று விதியை ஒட்டிவிட்டுப் போனார். நான் கேட்டது ஸ்கிரீன் பிரிண்ட், ஐயா! அந்தக் காணொளி யாருடைய சட்டை என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. முப்பது சட்டைக்கான பணத்துக்கு ஈடாக அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம்.

தரம் பார்ப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. ஒரே ஒரு சட்டை வரவழைத்துத் துவைத்துப் பார்க்காமல் மொத்தமாக ஆர்டர் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்எம்மும் அச்சு முறையும் ரசீதிலேயே இருக்க வேண்டும், அரட்டையில் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். கடையின் படத்தில் துணி மடிந்த இடத்திலும் அச்சு மடியாமல் நேராக இருந்தால் அது கணினியில் ஒட்டிய படம். முழுப் பருத்தியில் சப்ளிமேஷன் அச்சு (சூட்டில் சாயத்தை ஆவியாக்கி இழைக்குள் ஏற்றும் முறை) என்று சொன்னால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள். அது பாலியஸ்டரில்தான் பிடிக்கும். திருப்பி அனுப்பும் விதியைப் பணம் கட்டும் முன் படியுங்கள்.

பணம் செலுத்திய வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். கூப்பன் எனக்கு வேண்டாம், முப்பது சட்டைக்கான பணம் வேண்டும்.