23,118 என்ற எண்ணை நம்பி வாங்கிய கமரா

செகன்ட் ஹேண்ட் கமரா தேடுகிறவர்கள், முக்கியமாக மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இருக்கிறவர்கள், காசை எடுக்க முன் இதை ஒருதரம் வாசியுங்கள். என்னுடைய 185,000 ரூபா போன கதை இது.

எனக்குப் படம் எடுப்பது தொழில் இல்லை. கிழமை நாட்களில் கந்தோர். சனி ஞாயிறில் கல்லடிப் பாலத்தடி, கோட்டை, பாலமீன்மடு வெளிச்ச வீடு என்று சுற்றுவேன். கையில் இருந்தது நிக்கோன் டி3100. 2010 இல் வந்த மொடல், 14.2 மெகாபிக்சல். கல்லடியில் புதுப் பாலம் 2013 இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் பழைய இரும்புப் பாலத்தை நான் எடுத்து வைத்த படங்களெல்லாம் இதில் எடுத்தவைதான்.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது புதுக் கமரா நினைப்பை மூட்டை கட்டிவிட்டேன். பிறகு ஒரு சீட்டில் சேர்ந்தேன். சீட்டு விழும்வரை சும்மா இருக்க முடியாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டி எடிட்டிங்கில் இறங்கினேன். மாமாங்கத் திருவிழாவில் இரவில் கமராவின் வெளிச்ச உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200 வரை ஏற்றி எடுத்து, மண் தூவியதுபோல் புள்ளி விழுந்ததால் அன்று ஒதுக்கிய படங்கள். நொய்ஸ் என்கிற அந்தப் புள்ளிகளைக் குறைக்கும் இப்போதைய மென்பொருளில் போட்டால், கடலைக்காரியின் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அவளுடைய மூக்குத்திக் கல்கூடத் தெரிகிறது. பத்து வருசம் அந்தப் படத்தை நான் திறந்தே பார்க்கவில்லை.

இந்த வேலையில்தான் ஷட்டர் கவுண்ட் பார்க்கப் பழகினேன். நிக்கோனில் ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்குள்ளும் அந்தக் கமரா அதுவரை எத்தனை தடவை கிளிக் செய்திருக்கிறது என்ற கணக்கு இருக்கும். வாகனத்துக்கு மீட்டர் மாதிரி. என்னுடையது 61,000 தாண்டியிருந்தது. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஏதோ பெரிய வித்தை தெரிந்துவிட்ட நினைப்பு. அந்த நினைப்புத்தான் கவிழ்த்தது.

சீட்டு விழுந்த கிழமையே ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நிக்கோன் டி750, ஃபுல் ஃபிரேம் (படம் பதியும் சென்சர் பெரியது), லென்ஸ் இல்லாமல். இந்த மொடலின் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு கிளிக்குக்கும் திறந்து மூடும் திரையை, 150,000 கிளிக் வரை சோதித்ததாக நிக்கோனே சொல்கிறது. ஆகவே கவுண்ட் குறைவாக இருந்தால் பயமில்லை என்று கணக்குப் போட்டேன். “சாம்பிள் படம் அனுப்புங்க தம்பி” என்றேன். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினார். அப்படி அனுப்பினால் உள்ளே இருக்கும் விபரமெல்லாம் அழிந்துவிடும். விடுவேனா? “டொக்யுமென்டா அனுப்புங்க” என்றேன். வந்தது. சிவப்பு பிளாஸ்டிக் கதிரை, அதில் சுருண்டு படுத்திருக்கும் சாம்பல் பூனை. ஷட்டர் கவுண்ட் 23,118. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாலத்தடிக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் வந்து சேர ஆறே முக்கால். இருட்டிவிட்டது. “கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகுது அண்ணன், கெதியாப் பாருங்க” என்று ஒரே அவசரம். ஃபோன் டோர்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நாலு படம் அடித்தேன், திரையில் நன்றாகத்தான் இருந்தது. 37 ஐயாயிரம் ரூபாத் தாள்களை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. அடையாள அட்டை கேட்க வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனிசி கேட்டது ஒன்றே ஒன்று: “பகல்ல வாங்கியிருக்கலாமே?”

மறுநாள் காலை வாவிக்கரையில் லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சிறுக்கி (எஃப்16) வானத்தை எடுத்தேன். கரும்புள்ளிகள். எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல், எல்லாப் படத்திலும் அதே இடத்தில். சென்சரில் எண்ணெயும் தூசும். சரி, துடைத்தால் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கணினியில் போட்டேன். ஷட்டர் கவுண்ட் 193,406.

பூனைப் படத்தை மறுபடி திறந்தேன். அதே விபரத்துக்குள் சீரியல் இலக்கமும் இருக்கிறது. கமராவில் இருக்கும் இலக்கம் வேறு, பூனைப் படத்தில் இருக்கும் இலக்கம் வேறு. அந்தப் படம் இந்தக் கமராவில் எடுத்ததே இல்லை! கவுண்டைத் தேடத் தெரிந்த எனக்கு, அதே பக்கத்தில் கிடந்த இன்னொரு எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை.

விற்ற தம்பிக்கு ஃபோன் எடுத்ததும் அவர் சொன்ன பதில்: “அது கம்ப்யூட்டர் பிழை அண்ணன்.” அடுத்த அழைப்பிலிருந்து நம்பர் வேலை செய்யவில்லை. மூன்றாம் கிழமை, வேகமான ஷட்டரில் எடுத்த படங்களின் கீழ்ப்பக்கம் கறுப்புப் பட்டி விழத் தொடங்கியது. அதற்குப் பிறகு கமரா ‘எர்’ (பிழை) என்று மின்னிக்கொண்டு நின்றேவிட்டது. ஷட்டர் மாற்றக் கொழும்பில் கேட்டது 48,000.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பகலில், மடிக்கணினியும் கார்ட் ரீடரும் கொண்டு போங்கள். உங்கள் கார்டை உங்கள் கையால் போட்டு எடுத்த படத்தில் கவுண்டைப் பாருங்கள். சீரியல் இலக்கத்தைக் கமராவோடு ஒத்துப் பாருங்கள். அனுப்பும் ஃபைலை நம்ப வேண்டாம், அதிலுள்ள எண்ணை மாற்றவும் மென்பொருள் இருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகுது என்றால் போகச் சொல்லுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கூட்டாளி டி750 ஒன்று பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லி சாம்பிள் படத்தை எனக்கு அனுப்பினான். சிவப்புக் கதிரை. சாம்பல் பூனை. 23,118.