ஜே.சி. ரோடு டர்போ பட்டறை: கழற்றும் முன் சோதிக்கிறார்கள்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில், உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் பாகம்) வேலை மட்டும் பார்க்கும் பட்டறை. போர்டு கூடக் கிடையாது. வண்டி இழுக்கவில்லை என்று போனால் பல இடங்களில் முதல் வார்த்தையே "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்" என்பதுதான். இங்கே டர்போவில் ஸ்பேனர் வைப்பது கடைசியில்தான். அதற்காகவே போகலாம்.

ஸ்கேனரில் பி0299 என்ற எரர் கோட் வந்தால் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், குறைவு என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விரல்நுனி அளவு கிழிந்திருந்தாலும் அதே எரர் கோட் வரும். டீசல் என்றால் கறுப்புப் புகையும், மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும் சேர்ந்து வரும். பைப்பை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்கிறார்கள். பிறகு, வேக்குவம் ஆக்சுவேட்டர் (உறிஞ்சு விசையால் தண்டை நகர்த்திப் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) உள்ள வண்டிகளில் கைப் பம்ப் வைத்துச் சோதனை. தண்டு தடையில்லாமல் முழுதாக நகர வேண்டும், பம்பை நிறுத்தினாலும் அப்படியே நிற்க வேண்டும். தானே திரும்பினால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) ஓட்டை. பாதியில் சிக்கினால் விஜிடி டர்போவுக்குள் கோணம் மாறும் தகடுகளில் கரி. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்தே ஓடும் டீசல் வண்டிகளுக்கு இது வாடிக்கை. பெரும்பாலும் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகும்.

நீலப் புகைக்கும் உடனே டர்போவைப் பழி சொல்வதில்லை. ஆயில் ரிட்டர்ன் பைப்போ பிரீதரோ (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) அடைத்திருந்தால் நல்ல டர்போவும் ஆயில் கக்கும். இன்டர்கூலர் பைப்பில் லேசான எண்ணெய்ப் படலம் சகஜம். அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஷாஃப்ட் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவதும் அப்படித்தான், பேரிங்கே ஆயிலில் மிதப்பது. இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ, முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி ஆடினாலோ கோர் (ஷாஃப்ட், இறக்கை, பேரிங் சேர்ந்த நடுப்பாகம்) மாற்ற வேண்டியதுதான்.

கோர் மாற்றினால் ஆயில், ஃபில்டர், டர்போவுக்கு ஆயில் வரும் ஃபீட் பைப் மூன்றும் புதிதாகக் கேட்பார்கள். தட்டிக் கழிக்க வேண்டாம். லட்சம் ஆர்.பி.எம்.முக்கு மேல் சுற்றும் ஷாஃப்டுக்குச் சில நொடி ஆயில் வராவிட்டாலே பேரிங் கெட்டுவிடும். ஃபீட் துளையில் ஆயில் ஊற்றி, இன்ஜின் பிடிக்காமல் கிராங்க் செய்த பிறகே ஸ்டார்ட் செய்கிறார்கள்.

மூத்த மெக்கானிக் தமிழர். "அண்ணே" என்று கேட்டால் பழைய கோரைக் கையில் கொடுத்து ஆட்டிக் காட்டுவார். கோர் அதிராமல் சுற்றுகிறதா என்று சோதித்த பேலன்ஸிங் ரிப்போர்ட் மட்டும் கேட்டால்தான் வரும். பில்லில் லேபரைத் தனியாகப் போடுவதில்லை, பார்க்கிங்கும் இல்லை. எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் காலிபரேஷன் இங்கே கிடையாது, அந்த வண்டிக்காரர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும்.