பழைய கேமரா: நிக்கான் டி5300-ஆ, கேனான் 700டி-யா?

ரெண்டுமே 2013-ல் வந்தவை, ரெண்டிலும் திரையைத் திருப்பிக்கொள்ளலாம். ஒற்றுமை அவ்வளவுதான்.

கூந்தன்குளத்தில் பறவை எடுப்பதுதான் ஆசை என்றால் நான் நிக்கான் பக்கம். 300 எம்எம் லென்ஸ் போட்டாலும் குளத்து நடுவில் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை சின்னதாகத்தான் விழும், அதை வெட்டிப் பெரிதாக்க 24 மெகாபிக்சல் கைகொடுக்கும், கேனானில் 18தான். ஃபோகஸ் புள்ளிகளும் நிக்கானில் 39, கேனானில் 9.

ஆனால் லென்ஸ் வாங்கும்போது கேனான்தான் நிம்மதி. கேனானின் இஎஃப் வகை லென்ஸ் எதை மாட்டினாலும் ஆட்டோஃபோகஸ் ஓடும். டி5300-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மலிவாச்சே என்று பழைய 50 எம்எம் 1.8டி வாங்கினால் கையால்தான் திருகணும், லென்ஸில் ஏஎஃப்-எஸ் (உள்ளேயே மோட்டார் உள்ளது) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆனித் தேரோட்ட நெரிசலில் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கி எடுக்க 700டி-யின் தொடுதிரை சௌகரியம், ஃபோகஸ் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், வாங்குகிற இடம். நிக்கானில் ஒரு ஜேபெக் எடுத்து எக்ஸிஃப் (படத்தோடு பதிவாகும் விவரங்கள்) பார்த்தால் ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்று தெரிந்துவிடும். 700டி படத்தில் அது பதிவாகாது, "கல்யாண வீட்டுக்கே போகாத கேமரா அண்ணாச்சி" என்பார்கள் விற்பவர்கள், கைப்பிடி ரப்பரோ தேய்ந்து வழவழவென்று இருக்கும். எதுவானாலும் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், நூல் நூலாகத் தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

வீட்டு விசேஷம், குழந்தைகள், வீடியோ என்றால் 700டி எடுங்கள்.