ஏற்காட்டில் ஒரு ஐ.என்.ஆர்.: நீல மூடி டியூபை நிரப்பாமல் விட்ட கதை

ஏற்காட்டில் 5.6 என்று வந்த ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்), மறுநாள் காலை சேலத்தில் 2.2. நடுவில் மாமாவின் உடம்பில் அவ்வளவு பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. முதல் நாள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த தம்பி, முக்கால் டியூபோடு ஊசியை உருவிவிட்டார். அவ்வளவுதான்.

மாமாவுக்கு இதயத்தின் இடப்பக்க மிட்ரல் வால்வைச் சீர்செய்து ஏழு வாரம். வால்வை மாற்றவில்லை, வால்வைப் பிடித்திருக்கும் நாண்களில் அறுந்தவற்றுக்குப் பதில் கோர்-டெக்ஸ் (Gore-Tex) நூல் கட்டி, அகன்ற வாயைச் சுற்றி ரிங் தைத்து, சலைன் ஏற்றி ஒழுகலைப் பார்த்து, இதயத்தின் வேலையைச் செய்த பம்பிலிருந்து இறக்கியதும் உணவுக்குழாய் வழி எக்கோவில் மறுபடி சரிபார்த்த வேலை. ரிங்கின் துணியைத் திசு மூடும்வரை அதன்மேல் ரத்தம் உறையலாம். அதனால்தான் முதல் மூன்று மாதம் ரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் மாத்திரை, ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில். பொய்யான 5.6-ஐ நம்பி நாமாக மாத்திரையை நிறுத்தினால், உறைந்த கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

இந்த நீல மூடி டியூபில், உறைய வேண்டிய கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் 0.3 மில்லி இருக்கும், 2.7 மில்லி ரத்தம் சேரவேண்டும். ரத்தம் குறைந்தால், மிஞ்சிய சிட்ரேட், சோதனையில் உறையவைக்கச் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறைய நேரமாகும், எண் ஏறும். பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் அதன் குழாயிலுள்ள காற்றே டியூபின் இடத்தைப் பிடித்துவிடும். ஆகவே முதலில் ஒரு வேஸ்ட் டியூப், பிறகுதான் இது. நிரம்பியதும் மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும், குலுக்கக்கூடாது. மலையிலிருந்து ஐஸ் பெட்டியில் இறக்குவதும் தவறு. அறையின் வெப்பமே போதும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் என்றால் விரல் நுனியில் ஒரு சொட்டு, அங்கேயே எண், மஞ்சள் புத்தகத்தில் டோஸும் அடுத்த தேதியும். இங்கே வாட்ஸப்பில் வெறும் எண். ரத்தம் குறைந்த மாதிரியை லேப் திருப்பி அனுப்பியிருக்கவேண்டும். குறைந்தபட்சம் ஒரு வரி எழுதியிருக்கலாமே! அதை நினைத்துத்தான் மனம் ஆறமாட்டேன் என்கிறது. அறுவை செய்த யூனிட்டுக்கு இரவு போன் போட்டால் முதல் கேள்வியே, "டியூப் கோடு வரைக்கும் நிறைஞ்சிருந்துச்சா?" ஈறு, சிறுநீர், மலம் எதிலும் ரத்தமில்லை என்று கேட்டுக்கொண்டு, அன்றிரவு மாத்திரையை மட்டும் விட்டு, விடிந்ததும் வேறு இடத்தில் பார்க்கச் சொன்னார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஐந்து ரோடு வந்தபோது மணி ஆறரை. லேப் திறந்திருந்தது. அப்பாயின்ட்மென்ட் என்ற பேச்சே இல்லை. இந்த ஒன்றுக்காகவே சேலத்தைக் கட்டிக்கொள்ளலாம். அந்தச் சிஸ்டர், "எந்த மாத்திரைங்கய்யா, கடைசியா எப்பப் போட்டீங்க?" என்று கேட்டு எழுதி, முதல் டியூபைத் தூரப்போட்டு, இரண்டாவதைக் கோடு வரை நிரப்பினார். பத்து மணிக்குள் முடிவு.

2.2 கூட ஓரளவுக்கு ஒரு வேளை மாத்திரை விட்டதன் விளைவாக இருக்கலாம். அசிட்ரோம் சீக்கிரம் உடம்பை விட்டுப் போவது. இங்கிலாந்திலிருந்து, இதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் மாத்திரை கொண்டு வருகிறவர்கள் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் இதை மாற்றிப் போடக்கூடாது. மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்று மாமா பயந்து கீரையையும் நிறுத்தியிருந்தார். நிறுத்தவேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். பழைய டோஸே தொடர்கிறது. அடுத்த சோதனை திங்கட்கிழமை, ஐந்து ரோட்டில்.