எனாலபிரிலா, டெல்மிசார்டனா? மலைக்கு இருபுறமும் எழுதிய இரண்டு சீட்டுகள்

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. எல்லை மாறினாலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் வைத்தியத்துக்குப் போவதும் மலைக்கு இருபுறமும் இன்றும் நடக்கின்றன. என் பெரியப்பா மாதத்தில் பாதி நாள் இங்கேயும், மீதி நாள் ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூரில் மகள் வீட்டிலும் இருப்பவர். சென்ற ஐப்பசியில் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்தபோது, இங்கே எழுதிக்கொடுத்த எனாலபிரில் 5 மில்லிகிராமும் அங்கே எழுதிக்கொடுத்த டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் கலந்து கிடந்தன. இரண்டும் பிரஷர் மாத்திரைதானே என்று மூன்று வாரமாக இரண்டையும் விழுங்கியிருக்கிறார். விடியற்காலையில் கட்டிலை விட்டு எழும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்ததை வயதின் கணக்கில் எழுதிவிட்டார். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.8 என்று வந்தது. வழக்கமான மேல்வரம்பு 5-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

இரண்டு மருந்துகளும் ஒரே வாய்க்காலைத்தான் அடைக்கின்றன, அடைக்கும் இடந்தான் வேறு. ரத்தக்குழாயைச் சுருக்குகிற ஆஞ்சியோடென்சின்-2 என்ற பொருள் உருவாவதற்கு ஏ.சி.இ. என்னும் நொதி வேண்டும். எனாலபிரில், ராமிபிரில், லிசினோபிரில், பெரின்டோபிரில் எனப் ‘பிரில்’ என்று முடிகிற மாத்திரைகள் அந்த நொதியை மடக்குகின்றன. லோசார்டன், டெல்மிசார்டன் முதலிய ‘சார்டன்’ வகையோ, உருவான ஆஞ்சியோடென்சின் போய் உட்காருகிற இடத்தை அடைத்துவிடுகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட கம்பெனிப் பெயரை நம்பாமல், அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அதன் வாலையும் படிக்கப் பழகிக்கொண்டால் பெரியப்பாவுக்கு நேர்ந்தது நேராது.

இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு நன்மை கிடைக்குமா என்ற கேள்வியை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் கேட்டது. 2008-இல் வெளியான ‘ஆன்டார்கெட்’ ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் வரக்கூடிய 25,620 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ராமிபிரிலும், இன்னொன்றுக்கு டெல்மிசார்டனும், மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்தைக் காப்பதில் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத்தான் மயக்கமும் சிறுநீரகக் கோளாறும் கூடின. ஆகவே ரத்தக்கொதிப்புக்கு இவற்றில் ஏதாவது ஒன்றுதான்.

எந்த ஒன்று என்பதை, என் கணிப்பில், பெரும்பாலும் இருமல்தான் தீர்மானிக்கிறது. ஏ.சி.இ. நொதிக்கு பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளைச் சிதைக்கிற வேலையும் உண்டு. நொதியை மடக்கினால் அது தேங்கி, சளியில்லாத வறட்டு இருமலைக் கிளப்பும். பத்தில் ஒருவருக்கு வரலாம் என்பது பொதுவான கணக்கு. மாத்திரை தொடங்கிச் சில நாளிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். மலையடிவாரச் சாரலில் இதைச் சளிப்பிடிப்பு என்று எண்ணிக் கஷாயமும் இருமல் மருந்துமாகக் குடித்துத் தீர்ப்பவர்கள் உண்டு. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் நாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், அவர் அதற்குப் பதில் ஒரு சார்டனை எழுதுவார். இருமல் வராதவர், மற்றவருக்கு வந்தது என்பதற்காக நன்றாக ஒத்துப்போகிற எனாலபிரிலை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

முகம், உதடு, நாக்கு திடீரென்று வீங்குவது அரிது. ஆனால் மூச்சையே அடைக்கக்கூடியது. பிரில் வகையில் இதற்கான வாய்ப்பு சற்று அதிகம். ஒருமுறை வந்துவிட்டால், மாத்திரையை அத்தோடு விட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிரில் வகையில் எதையும் வீக்கம் வந்தவர் வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது.

மற்ற எச்சரிக்கைகளில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. சார்டன் ‘சாது’ என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை. இரண்டுமே பொட்டாசியத்தை உடலில் தேக்கும். பொட்டாசியம் கலந்த ‘சோடியம் குறைந்த உப்பை’ மருத்துவரிடம் கேட்காமல் வாங்கக்கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் இளநீரையும் நேந்திரம்பழத்தையும் அளந்துதான் சாப்பிட வேண்டும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை, நீர் பிரியும் மாத்திரையும் கூட இருந்தால், சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெருக்கும். வாந்தி, பேதியில் உடல் வற்றிய நாளில் மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே மருத்துவரைக் கேட்க வேண்டும். தொடங்கிய ஓரிரு வாரத்திலும் அளவைக் கூட்டும்போதும் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), பொட்டாசியம் பார்ப்பது அவசியம். கிரியாட்டினின் முன்பிருந்ததைவிட 30 சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் போனால் காரணம் தேடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் இரண்டுமே ஆகாது, குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை வேறு வழியில் வேலை செய்வதால் இவற்றில் எதனோடும் சேர்த்துத் தரப்படுவதுண்டு. அதில் இருமலோ பொட்டாசியக் கவலையோ இல்லை, சாயங்காலம் செருப்புக்குள் நுழையாத அளவுக்குக் கணுக்கால் வீங்கலாம்.

சாப்பிடும் முறையில், எனாலபிரிலை ஒருநாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுக்கலாம். முதல் மாத்திரையன்று தலைசுற்றலாம் என்பதால் சட்டென்று எழுந்து நடக்காதிருப்பது நல்லது. டெல்மிசார்டன் ஒருநாளைக்கு ஒருமுறை போதும். ஒருவேளை மறந்தால் மறுவேளை இரண்டாக விழுங்கக்கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

பெரியப்பாவின் டப்பாவில் இன்னொன்றும் கண்டேன். டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும் மருந்து, விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். அவரோ ஒரு வாரத்துக்கானதைப் பிரித்துப் போட்டிருந்தார். சாரல் காற்றில் அவை ஊறி, விரலில் சுண்ணாம்பாக ஒட்டின. பொட்டாசியம் இறங்கியபின் மருத்துவர், இருமல் இல்லாததால் எனாலபிரிலை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். புனலூர் போகும்போது அந்தச் சீட்டும் அட்டையும் ஒரே பையில் போகின்றன.