ஏஎக்ஸ்1800 மெஷ் செட்: அட்டைப்பெட்டியில் 1800, படுக்கையறையில் 94

மெஷ் செட் என்பது ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் சில பெட்டிகள்; ஒவ்வொரு பெட்டியும் ஒரு நோடு, மோடத்தோடு இணைவது முதன்மை நோடு. மூன்று நோடு ஏஎக்ஸ்1800 மெஷ் செட் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு ரேடியோ, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு ரேடியோ, வைஃபை 6. அட்டையில் இருக்கும் 1800 எம்பிபிஎஸ், 2.4-இன் 574-ஐயும் 5-இன் 1201-ஐயும் கூட்டி முழு எண்ணாக்கியது. போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் (அலைவரிசையில்தான்) பேசும் என்பதால் இந்தக் கூட்டலால் யாருக்கும் பயனில்லை. அந்த 1201-கூட லிங்க் வேகம்தான், அதாவது கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உச்ச வேகம்; நோடுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் கைக்கு வருவது அதில் பாதி அல்லது கொஞ்சம் கூட.

முதன்மை நோடு இருக்கும் அறையில் இந்த செட் நன்றாகவே ஓடுகிறது. வேகம் கரைவது அடுத்த நோடில். அங்கே போனோடு பேசுவதும், முதன்மை நோடோடு பேசுவதும் அதே ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, அதே சேனல். வாங்கி முடித்த பிறகுதான் கொடுக்க முடியும், வேகம் பாதியாகிறது. இரண்டாவது நோடைப் பிடித்துத் தொங்கும் மூன்றாவது நோடில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கும் கீழோ. இது பழுதல்ல, இந்த வகை செட்டின் பிறவிக் குணம். அதற்கு மேல் குறைந்தால்தான் எங்கேயோ கோளாறு.

தேடுவதை வைஃபையில் தொடங்க வேண்டாம். முதன்மை நோடின் லேன் போர்ட்டில் லேப்டாப்பை கேபிளால் மாட்டி ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். 300 எம்பிபிஎஸ் இணைப்பில் 93 முதல் 95-க்குள் வந்து அசையாமல் நின்றால், குற்றவாளி அநேகமாக கேபிள். ஜிகாபிட்டுக்கு கேபிளில் உள்ள எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். கேபிளின் ஆர்ஜே45 முனைச் செருகியில், மீதி நான்கில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் லிங்க் வேகம் 1000 என்று காட்டினால், மோடத்துக்கும் முதன்மை நோடுக்கும் நடுவில் இருக்கும் குட்டி கேபிளை மாற்றிப் பாருங்கள். 'மெஷ் மோசம்' என்று வரும் புகார்களில் சில இந்த ஒரு முழக் கேபிளோடு முடிந்துவிடும். மோடத்தின் போர்ட்டே 100 வகை என்றால் மட்டும் கேபிள் மாற்றிப் பலனில்லை.

கேபிளில் முழு வேகம் வருகிறதா? அந்த லேப்டாப்பிலேயே ஐபெர்ஃப்3-ஐ (வீட்டு நெட்வொர்க்கின் வேகத்தை அளக்கும் மென்பொருள்) சர்வராக ஓடவிட்டு, போனில் அதே டெஸ்டை முதன்மை நோடிலிருந்து இரண்டு மீட்டரிலும், அடுத்த நோடிலிருந்து இரண்டு மீட்டரிலும் எடுங்கள். இதில் இணையம் குறுக்கே வராது. பாதி வந்தால் இயல்பு. பத்தில் ஒன்று வந்தால் நோடு தப்பான இடத்தில் இருக்கிறது, அல்லது பேக்ஹால் (நோடுகளுக்கு இடையிலான இணைப்பு) 2.4-க்கு நழுவி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பின்னதற்கு அந்த நோடை மட்டும் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆப்பில் பேக்ஹால் சிக்னல் எண்ணாகத் தெரிந்தால் -65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்லதாக இருக்கட்டும். -75-க்கும் கீழே போனால் இடம் மாற்றியே ஆக வேண்டும். வெறும் பச்சைப் புள்ளி மட்டும் காட்டும் ஆப்களை நம்பாதீர்கள்.

எல்லோரும் செய்யும் தப்பு, சிக்னல் செத்த அறையிலேயே நோடை வைப்பது. தண்ணீர் வராத குழாயில் இன்னொரு குழாயை மாட்டுகிற வேலை அது. சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் பாதி வழியில் வையுங்கள். டிவிக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் பக்கத்தில், மீன் தொட்டிக்கு மறைவில் வேண்டாம்.

நோடுக்குப் பக்கத்தில் நின்றும் போன் தவழ்ந்தால், வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். வேகம் எகிறினால், அது தூரத்து நோடையே கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது போன்தான், 802.11கே, வி வசதிகள் யோசனை சொல்லும், அவ்வளவே. சின்ன வீட்டில் மூன்று நோடையும் போட்டால் இந்தத் தொல்லை கூடும். மூன்றாவதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம், தயங்க வேண்டாம். மோடத்தின் சொந்த வைஃபையையும் அணைத்துவிடுங்கள். பக்கத்திலிருந்து அதே சேனலில் கூச்சல் போடும். க்யூஓஎஸ்-ஐ (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் வசதி) நிறுத்தியும் ஒருமுறை அளந்து பாருங்கள், சின்ன பிராசஸர் அதற்கே திணறும்.

உண்மையான மருந்து கேபிள் பேக்ஹால். கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். ஒன்று மட்டும் கவனம்: முதன்மை நோடு ரவுட்டர் மோடில் (வீட்டு நெட்வொர்க்கை அதுவே நடத்தும் நிலையில்) இருந்தால், மற்ற நோடுகளின் கேபிள் அதன் லேன் போர்ட்டிலிருந்தோ, அதிலிருந்து வரும் ஸ்விட்சிலிருந்தோதான் போக வேண்டும். மோடத்தில் நேராகச் செருகினால் அந்த நோடு வேறு நெட்வொர்க்கில் போய் விழும். கேபிள் மாட்டியும் வைஃபை பேக்ஹாலையே பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது அடிக்கடி அறும்.

ஆகவே, இணைப்பு 200 எம்பிபிஎஸ் வரை என்றால் கேபிள் இழுக்காமலே இந்த செட்டை வாங்கலாம். 500-க்கு மேல் என்றால் ஒரு நோடுக்காவது கேபிள் போட முடிந்தால் மட்டும். முடியாதவர்கள் பேக்ஹாலுக்குத் தனி ரேடியோ வைத்த மூன்று பேண்ட் செட்டுக்குப் போவது நல்லது. அந்த மூன்றாவது பேண்ட் 6 கிகாஹெர்ட்ஸாக இருந்தால், நோடுகளுக்கு நடுவில் எத்தனை சுவர் என்று எண்ணிவிட்டு வாங்குங்கள். 5-ஐவிட அது சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.